ரவிக்கைக்கு அளவெடுப்பவர்கள் ஹைட்ரேஷன் வெஸ்ட்டுக்கும் அளவெடுக்க வேண்டும்: 14 மாதங்களில் நான் கற்றுக்கொண்டது

2022 அக்டோபரில், சிக்மகளூர் மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே நடந்த 50 கிலோமீட்டர் ஓட்டத்தில், 31ஆவது கிலோமீட்டரில் நான் நின்றுவிட்டேன். கால்கள் நன்றாக இருந்தன, மூச்சும் சீராகத்தான் இருந்தது. ஆனால் காறை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து, வியர்வையின் உப்பு அதில் இறங்கிக்கொண்டே இருந்ததால், தண்ணீர் சுமந்து ஓடுவதற்காகக் கையில்லாச் சட்டைபோல் மாட்டியிருந்த பையான ஹைட்ரேஷன் வெஸ்ட்டை இன்னும் ஒரு நிமிடம்கூடச் சுமக்க முடியாது என்ற நிலைக்கு வந்திருந்தேன். அன்றிரவு தங்குமிடத்தில் குளிக்கும்போது வெந்நீர் அந்தப் புண்ணில் பட்டதும் வாய்விட்டு அழுதேன். வலிக்காக மட்டும் அழவில்லை. அந்த ஓட்டத்துக்காக ஒன்பது மாதங்கள் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்திருந்தேன், அந்த வெஸ்ட்டுக்கு 14,200 ரூபாய் கொடுத்திருந்தேன். வாங்குவதற்கு முன் என்னிடம் இரண்டே இரண்டு வார்த்தை சொல்ல யாராவது இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அப்போது தோன்றியது. இதைப் படிக்கும் ஒருவருக்காவது அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் வசிக்கிறேன், வயது நாற்பத்து மூன்று. ரேஸ்கோர்ஸ் சாலையில் நடையாகத் தொடங்கி, அரை மாரத்தான், முழு மாரத்தான் என்று மெல்ல மெல்ல வளர்ந்தவள். சாலை ஓட்டங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை யாராவது தண்ணீர் நீட்டுவார்கள். காட்டுப்பாதையில் அப்படி இல்லை. எட்டு, பத்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தாலே பெரிது. அதனால் தண்ணீரை உடம்பிலேயே சுமக்க வேண்டும் என்று தெரிந்தது. படங்களில் பார்த்த பெரிய ஓட்டக்காரர்கள் எல்லோரும் அணிந்திருந்த பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் வெஸ்ட்டையே 2022 ஜூலையில் வாங்கினேன். கடையில் பெண்களுக்கான வடிவம் இல்லை, ஆண்களுக்கான சிறிய அளவு மட்டும் இருந்தது. அதைச் சுடிதாருக்கு மேல் மாட்டிப் பார்த்தேன். இறகுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது மகிழ்ச்சியாகவும் இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் முதல் தவறு அந்த இடத்தில்தான் நடந்தது. கடையில் நான் மாட்டிப் பார்த்தது வெறும் துணியை. ஓடும்போது சுமக்கப்போவதோ முன்பக்கம் அரை லிட்டர் பிடிக்கும், கையால் நசுக்கக்கூடிய இரண்டு மென்குடுவைகள், அதாவது மார்பின் மேல் ஒரு கிலோ எடை. பயிற்சியில் பெரும்பாலும் ஒரு குடுவை மட்டும் நிரப்பி 20 கிலோமீட்டருக்குள் ஓடியதால் சிக்கல் வெளியே தெரியவில்லை. ஓட்ட நாளில் இரண்டையும் நிரப்பியபோது அவை மார்பின் மேல் நேராக வந்து உட்கார்ந்தன. பட்டையை இறுக்கினால் மூச்சு முட்டியது, தளர்த்தினால் இரண்டு குடுவைகளும் ஒவ்வோர் அடிக்கும் குதித்துத் துணியின் ஓரத்தைத் தோலில் அறுத்தன. பதினைந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு வலிக்குப் பயந்து குடுவையைத் தொடுவதையே தவிர்த்தேன். தண்ணீரைச் சுமந்துகொண்டே தண்ணீர் குடிக்காமல் ஓடினேன். அந்த நிறுவனத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. மெலிந்த, தட்டையான மார்புள்ள என் ஓட்டத் தோழர் ஒருவர் அதே வெஸ்ட்டை மூன்று ஆண்டுகளாக ஒரு கீறலும் இல்லாமல் பயன்படுத்துகிறார். அது என் உடம்புக்காக வெட்டப்பட்ட துணி அல்ல, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வார்த்தை இது: எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டு குடுவைகளையும் தண்ணீர் நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். ஓடும்போது அணியும் உள்ளாடையையும் டி-ஷர்ட்டையும் போட்டுக்கொண்டு போங்கள். குடுவைகளை வைத்து, பட்டைகளைப் பூட்டி, கடைக்குள்ளேயே நின்ற இடத்தில் ஐம்பது முறை குதியுங்கள், கைகளை வீசி ஓடுவதுபோல் செய்யுங்கள், பிறகு ஆழமாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் பார்ப்பார் என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை ஓர் ஓட்டமும் பல ஆயிரம் ரூபாயும். பெண்கள் பார்க்க வேண்டிய இன்னொன்று, முன்பட்டைகள் மேலும் கீழும் நகரக்கூடியவையா என்பது. ஒரு பட்டை மார்புக்கு மேலேயும் மற்றொன்று மார்புக்குக் கீழேயும் வர வேண்டும். இரண்டும் நடுவில் வந்து குறுக்கே அழுத்தும் வடிவத்தை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது தவறு, முதல் தவறின் எரிச்சலில் செய்தது. இவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை என்றால் மலிவானதே போதும் என்று, இணையத்தில் பெயர் தெரியாத ஒரு தயாரிப்பை 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். முதுகுப்பக்கம் பிளாடர் எனப்படும் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பையும் அதிலிருந்து தோள்வழியாக வரும் குழாயும் கொண்டது. முதல் நாளே பிளாஸ்டிக் வாடை அடித்தது. சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்த பிறகும், சிறுவாணித் தண்ணீருக்கே உரிய அந்தச் சுவை அதற்குள் போனதும் காணாமல் போனது. நான்காவது ஓட்டத்தில், குழாய் பிளாடரோடு சேரும் இடத்தில் கசிந்து, வெஸ்ட்டிலேயே அதற்குப் பக்கத்தில் இருந்த சிறு பைக்குள் வைத்திருந்த கைபேசி நனைந்து நின்றுவிட்டது. மருதமலைச் சாலையில், விடிவதற்கு முன், வீட்டுக்கு அழைக்க வழியில்லாமல் தனியாக நின்ற அந்த நாற்பது நிமிடப் பயத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கைபேசியைச் சரிசெய்ய 6,300 ரூபாய் ஆனது.

இதிலிருந்து நான் கற்ற இரண்டாவது வார்த்தை, மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் எது, பிடிக்கக்கூடாத இடம் எது என்பது. துணியில் மிச்சம் பிடிக்கலாம், தண்ணீர் தங்கும் பாத்திரத்தில் பிடிக்கக்கூடாது. மென்குடுவைகளை மட்டும் நல்லதாகத் தனியே வாங்கிக்கொண்டால் அவற்றை எந்த வெஸ்ட்டிலும் போட்டுக்கொள்ளலாம். ஹைட்ராபாக் போன்று குடுவைகளையே முதன்மைத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. பல பெரிய பெயர்களில் விற்கும் குடுவைகள்கூட அங்கே தயாரானவைதான். வாங்கும்போது வாயின் விட்டத்தைப் பாருங்கள். 28 மில்லிமீட்டர், 42 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுகள் பரவலாக உள்ளன, ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சேராது. அகன்ற வாய் கொண்டதை நிரப்புவதும் எளிது, உப்புக்கரைசல் தூளைக் கொட்டுவதும் எளிது, விரலை விட்டுக் கழுவவும் முடியும். நிரப்பிய பின் குடுவையை வாய் மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டால் ஓடும்போது சளக் சளக்கென்ற ஓசையும் வராது, குலுங்கலும் பாதியாகக் குறையும். இந்த ஒரு சிறு வேலையை அறிய எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. பிளாடர் முழுவதும் தவறு என்றும் சொல்லமாட்டேன். முதுகில் எடை ஆடாமல் நிற்கும். ஆனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, பந்தலில் நிரப்ப வெஸ்ட்டையே கழற்ற வேண்டும், குழாயை உலர்த்தாமல் விட்டால் ஒரே வாரத்தில் உள்ளே கருப்புப் பூசணம் பிடிக்கும்.

மூன்றாவதாக, ஓட்டப் பைகளை மட்டுமே செய்யும் சிறப்பு நிறுவனங்களைத் தேடத் தொடங்கினேன். இந்தத் தேடல் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அமெரிக்காவில் பிரைஸ் தாட்சர் என்ற மலை ஓட்டக்காரர் 1985இல் அல்டிமேட் டைரக்ஷன் நிறுவனத்தைத் தொடங்கி, பின்னாளில் அல்ட்ராஸ்பையர் என்ற இன்னொன்றையும் உருவாக்கியிருக்கிறார். பிரான்ஸில் பெனுவா லவால் 1999இல் தொடங்கிய ரெய்ட்லைட், பாலைவன ஓட்டக்காரர்களிடையே பெயர் பெற்றது. இங்கிலாந்தின் ஹாரியர், பெரிய பெயர்களைவிடக் குறைந்த விலையில் விற்கும் சிறு நிறுவனம். பெண்களுக்கென்றே தனியாக வெட்டிய வடிவங்கள் இத்தகைய நிறுவனங்களிடம் கிடைக்கின்றன என்பதைப் பார்த்தபோதுதான், என் உடம்பில் குறை எதுவும் இல்லை என்ற நிம்மதி வந்தது.

அவற்றைப் போன்ற வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து 9,600 ரூபாய்க்கு 12 லிட்டர் வெஸ்ட் (இது தண்ணீரின் அளவு அல்ல, பையில் பொருட்கள் வைக்கும் மொத்தக் கொள்ளளவு) ஒன்றை வரவழைத்தேன். கூரியர் நிறுவனம் ஆதார் நகல் கேட்டது, பிறகு சுங்க வரியும் கையாளும் கட்டணமும் சேர்த்து 4,100 ரூபாய் கேட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்குவோர், இணையத்தில் காட்டும் விலையோடு இவற்றையும் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். திருப்பி அனுப்பும் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அளவு சரியில்லை என்றால் பெரும்பாலும் அது நம் தலையில்தான் விழும். எனக்கு அளவு அருமையாகப் பொருந்தியது. குறை என் தேர்வில் இருந்தது. 12 லிட்டர் என்பது மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, தலைவிளக்கு, முதலுதவிப் பொருட்கள் என்று எல்லாவற்றையும் சுமக்க வேண்டிய உயர்மலை ஓட்டங்களுக்கானது. நம் ஊர் வெயிலில் முதுகு முழுவதையும் மூடும் அந்தத் துணி, வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு ஓடுவது போலிருந்தது. லடாக்கில் ஓடப் போகும் தோழி ஒருத்திக்கு அதை 9,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். முதல் வெஸ்ட்டையும் ஒருவர் 7,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தால், கைபேசிச் செலவோடு சேர்த்து, என் கையை விட்டுப் போனது 19,350 ரூபாய்.

அந்தக் கோடையில்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். எனக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று அளந்தேன். ஓடும் முன் உடலைத் துடைத்துக்கொண்டு எடை பார்த்தேன், 54.6 கிலோ. ஒரு மணி நேரம் ஓடி, நடுவில் 200 மில்லி குடித்து, வந்து மறுபடியும் உடலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், 53.8 கிலோ. ஒரு கிலோ எடை என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, ஆகவே நான் இழந்தது மணிக்கு ஒரு லிட்டர். இழந்தது முழுவதையும் அப்படியே குடித்து ஈடுகட்ட வேண்டியதில்லை, தாகத்துக்குக் குடித்தாலே போதும். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2005இல் வெளியான ஆய்வில், 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது தெரியவந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களே, அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்களே, அதில் முன்னிலையில் இருந்தார்கள். எனக்கு மணிக்கு ஐந்நூறு முதல் அறுநூறு மில்லி சரியாக இருக்கிறது. பந்தலுக்குப் பந்தல் ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலும் ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடுகிறது. ஐரோப்பாவில் மான்ட் பிளாங்க் மலையைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற நெடுந்தூர ஓட்டத்தில்கூட ஒவ்வொருவரும் சுமக்க வேண்டிய கட்டாயத் தண்ணீர் குறைந்தது ஒரு லிட்டர்தான் என்று பின்னர் அறிந்தபோது, 12 லிட்டர் பை வாங்கிய என் கைக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று வருந்தினேன். சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களுக்கு எனக்கு வெஸ்ட்டே தேவையில்லை. ஒரு குடுவை செருகும் அகலமான இடுப்புப் பட்டையோ கையில் மாட்டும் குடுவையோ போதும். வெயில் காலத்தில் முதுகு திறந்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதை ஓடிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

மலைக்கு மட்டும் வெஸ்ட் வேண்டும். இந்த முறை டெகாத்லான் என்ற விளையாட்டுப் பொருள் கடையில் 5 லிட்டர் வெஸ்ட் ஒன்றை 2,999 ரூபாய்க்கு எடுத்தேன், குடுவைகள் தனியே 2,600 ரூபாய். நிரப்பிய குடுவைகளோடு கடைக்குள் குதித்துப் பார்த்தே வாங்கினேன். முதுகு நன்றாக உட்கார்ந்தது, தோளும் சரி, குடுவை வைக்கும் முன்பக்க அறைகள் மட்டும் இரண்டு விரல் உள்ளே தள்ளியிருந்தன. அதை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் பக்கம் பை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போய், அறைகளைக் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்த்தித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது தோள்ல மாட்டற பை இல்லீங்க அம்மிணி, ரவிக்கை மாதிரி. அளவெடுக்காம எப்படீங்க தைக்கறது?” என்றார். உள்ளே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த தம் மனைவியைக் கூப்பிட்டு வெஸ்ட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

கடையில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கியது. ரவிக்கையை அளவு ரவிக்கை கொடுக்காமல் தைக்கக் கொடுத்ததே இல்லாத நான், உடம்பில் அதே இடத்தில் அதைவிட இறுக்கமாக நாள் முழுவதும் அணியும் ஒன்றைக் கண்ணாடியில் பார்த்து வாங்கியிருக்கிறேன். அந்த அக்கா நிரப்பிய குடுவைகளை வைக்கச் சொல்லி, என்னைக் கடை வாசலிலிருந்து தெருமுனை வரை இரண்டு முறை ஓடிவரச் சொன்னார். சோப்புத் துண்டால் துணியில் குறியிட்டார். அறைகளின் தையலைப் பிரித்து இரண்டு விரல் வெளியே தள்ளி, கீழ் விளிம்பில் ரவிக்கைக்குப் பிடிப்பதுபோலவே சிறிதாக ஒரு டாட் பிடித்தார். அதனால் குடுவை நேராக நிற்காமல் விலாப்பக்கம் சற்றே சாய்ந்து உட்கார்ந்தது. முன்பட்டை மாட்டுவதற்கு மார்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று புதிதாக வளையங்கள் வைத்தார். தோலில் உரசும் ஓரம் முழுவதற்கும் மெல்லிய லைக்ரா துணியால் பைப்பிங் கொடுத்தார். அந்தத் துணியைத் திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத் துணிகள் விற்கும் கடையில் 180 ரூபாய்க்கு நான் வாங்கி வந்திருந்தேன். பருத்தித் துணி வேண்டாம், அது வியர்வையைக் குடித்துக் கனத்து, உப்பு காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும். தையல் கூலி 650 ரூபாய். ஆக மொத்தம் 6,429 ரூபாயில், முதலில் வாங்கியதன் பாதி விலைக்கும் குறைவாக, என் உடம்புக்கென்றே ஒரு வெஸ்ட் கிடைத்தது. இப்படிப் பிரித்துத் தைத்தால் கடையின் உத்தரவாதம் போய்விடும், ஆகையால் முதலில் ஒரு மாதம் அப்படியே ஓடிப் பார்த்துவிட்டுத் தையலுக்குக் கொடுங்கள்.

நம் ஊர்த் தையல்காரரிடம் போவது தரக்குறைவான மாற்று என்று யாராவது நினைத்தால், இந்தப் பொருள் பிறந்த விதத்தைச் சொல்ல விரும்புகிறேன். 1980களின் இறுதியில், அமெரிக்காவின் டெக்சாஸில் ஆகஸ்ட் மாத வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் பயணத்துக்காக, அவசர மருத்துவ உதவியாளராக இருந்த மைக்கேல் எய்ட்சன் என்பவர், மருத்துவமனையில் டிரிப் ஏற்றும் பை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் போட்டு, தம் சட்டையின் முதுகில் வைத்துத் தைத்துக்கொண்டார். முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பைகளைச் செய்யும் கேமல்பேக் என்ற நிறுவனமே அதிலிருந்துதான் வந்தது.

பராமரிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் வெஸ்ட்டைக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன், வாஷிங் மெஷினில் போடுவதில்லை. உப்பு படிந்த வலைத்துணிதான் அடுத்த ஓட்டத்தில் அரமாக மாறுகிறது. குடுவைகளைக் கழுவி, மூடியைத் திறந்தபடி கவிழ்த்து உலர்த்தி, ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூசணம் வருவதில்லை. ஒரு குடுவையில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் மருந்துக் கடையில் கிடைக்கும் உலகச் சுகாதார நிறுவன அளவிலான உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று வைத்துக்கொள்கிறேன். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கானது, அரை லிட்டர் குடுவைக்குப் பாதிதான் போட வேண்டும். காறை எலும்புக்குக் கீழேயும் விலாவிலும் ஓடும் முன்பே வாசலின் தடவுகிறேன். புண் வந்த பிறகு தடவிப் பயனில்லை.

2023 நவம்பரில் அதே மலைப்பகுதிக்கு மீண்டும் போனேன். 31ஆவது கிலோமீட்டர் வந்தபோது கையை உள்ளே விட்டுத் தோலைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, வழவழப்பாக, முழுதாக இருந்தது. எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகி 50 கிலோமீட்டரையும் முடித்தேன். ஊர் திரும்பியதும் அந்த அக்காவிடம் பதக்கத்தைக் காட்டினேன், அவர் அதைவிட ஆவலாக வெஸ்ட்டை வாங்கி, தான் போட்ட தையல் எங்காவது பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இடது அறையின் மேல் முனையில் நூல் ஒன்று விட்டிருந்தது. அதை அங்கேயே மெஷினில் வைத்து இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.